கல்லிலும் செம்பிலும்

‘அடுத்தவர் துறை’ – வரலாற்றுத் தொடர் – 5

சென்ற வாரம் நம் கதை பர்மாக் கரையில் நின்றது. யானை வாங்கப் போன இலங்கைத் தூதர்களை இராமஞ்ஞ நாட்டு மன்னன் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டான். அவர்கள் கொண்டுபோன சரக்கை எடுத்துக்கொண்டு, 14 யானை தருகிறேன் என்று சொல்லி, ஒன்றுகூடத் தராமல் ஏமாற்றினான். செய்தி பொலன்னறுவைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாம் பராக்கிரமபாகு என்ன செய்யப்போகிறான் என்ற இடத்தில் ‘தொடரும்’ போட்டிருந்தோம்.

படை அனுப்பினான். கப்பல்கள் கட்டி, அரிசியும் அம்பும் மருந்தும் ஏற்றி, வங்கக்கடலைக் குறுக்கே தாண்ட விட்டான். புயலில் சில கப்பல்கள் உடைந்தன, சில திசைமாறிப் போயின. ஐந்து கப்பல்கள் குசுமியத் துறைக்குப் போய்ச் சேர்ந்ததாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அந்தப் படையெடுப்பில் பங்குபெற்ற தளபதி ஒருவனுக்கு மன்னன் நிலம் கொடுத்ததைத் தெவனகல பாறைக் கல்வெட்டு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மன்னனின் 12ஆம் ஆட்சியாண்டு. ஏறத்தாழ கி.பி. 1165.

போரை இத்தோடு விட்டுவிடுவோம். நம் தொடருக்கு அதைவிட முக்கியம், போருக்கு முன்னால் நடந்தது. இலங்கைக்கும் இராமஞ்ஞத்துக்கும் இடையில் யானை வியாபாரம் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. விலைக்கு யானை கிடைத்தது. பரிசில் ஏற்றிவந்த கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு யானை பதிலுக்குக் கொடுக்கும் பழக்கமும் இருந்தது. எல்லாம் பழைய நட்பின் பேரில் நடந்தவை. புதிய மன்னன் வந்தான். வெளிநாட்டாருக்கு யானை விற்கக்கூடாது என்றான், பிறகு விலையைப் பலமடங்கு ஏற்றினான், பரிசில் கப்பலுக்கு யானை கொடுப்பதையும் நிறுத்தினான். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துறை அவனுடையது, யானையும் அவனுடையது. அவன் துறையை நம்பித் தன் யானைப்படைக்குத் திட்டம் போட்டிருந்த மன்னன் கடலுக்கு இந்தப் பக்கம் கைபிசைந்துகொண்டு நின்றான்.

அடுத்தவன் துறையை நம்பி ஏமாந்த இதே பராக்கிரமபாகுவுக்குச் சொந்தமாகவும் ஒரு துறை இருந்தது. அதை நம்பி வந்த வியாபாரிகளிடம் அவன் எப்படி நடந்துகொண்டான்?

அதற்கான பதில் ஒரு தீவில் இருக்கிறது.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு என்று போகும் தெரு குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிந்துவிடும். அதற்கப்பால் படகுதான். நயினாதீவுக்குச் சிறிது நேரம், நெடுந்தீவுக்குக் கூடுதலான நேரம். நயினாதீவில் இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் நாகபூசணி அம்மனைக் கும்பிட வருகிறவர்கள், அல்லது நாக விகாரைக்குப் போகிறவர்கள். அம்மன் கோயிலில் ஒரு பழைய கற்பலகை உண்டு. தமிழ் எழுத்து, இடையிடையே கிரந்தம். தொடக்க வரிகள் சிதைந்திருக்கின்றன. கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். சிங்கள மன்னர்களுக்கெல்லாம் மேலான தேவ பராக்கிரமபுஜனின் ஆணைப்படி வெட்டப்பட்டது என்று அந்தக் கல்லே தன் சொந்தக்காரனின் பெயரைச் சொல்கிறது. நம் பராக்கிரமபாகுதான் அவன்.

கல் நிற்பது நயினாதீவில். அது பேசுவது ஊராத்துறையைப் பற்றி. இன்றைய ஊர்காவற்றுறைதான் அது.

கல்லில் உள்ளதை நம் காலத்துத் தமிழில் சொல்கிறேன். பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வியாபாரிகள், ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்படவேண்டும். பல துறைகளிலிருந்தும் பரதேசிகள் நம் துறையில் வந்து கூடவேண்டும். நமக்கு யானையிலும் குதிரையிலும் விருப்பம் உண்டு. ஆகையால் நமக்கு யானையோ குதிரையோ கொண்டுவந்த மரக்கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம், அதாவது அரச கருவூலம், எடுத்துக்கொள்ளும், மற்ற மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு வாணிபச் சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் கெட்டுப்போனால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. இந்த ஏற்பாடு கல்லிலும் செம்பிலும் எழுதி வைக்கப்படுகிறது.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் 12ஆம் நூற்றாண்டுக் கடலில் வியாபாரம் செய்தவனின் கண்ணால் இதைத் திரும்ப ஒருமுறை படித்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் காசு இருக்கிறது.

முதலில் கடலைப் பாருங்கள். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். சோழகம் ஒரு பக்கம் அடிக்கும், வாடை மறுபக்கம் அடிக்கும். அடியில் பவளப் பாறை. நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே பனையோலை வேலியின் இடத்தில் கல்மதில்களைப் பார்த்திருப்பார்கள். கடலில் விளைந்த பவளக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, சாந்தே இல்லாமல் அடுக்கிய மதில்கள். கரையில் காணிக்கு எல்லை காட்டுகிற அதே கல்தான் நீருக்கடியில் மரக்கலத்தின் அடிப்பலகையைக் கிழிப்பது. நாகபட்டினத்திலிருந்து புறப்படும் வியாபாரிக்கு மரக்கலம் கெடுவது எப்போதோ நடக்கும் அதிசயமல்ல. அவன் முதலீட்டுக் கணக்கில் அதற்கு ஒரு வரி எப்போதும் இருக்கும்.

அந்த வரியில் எவ்வளவு எழுதுவது? அங்கேதான் சிக்கல்.

* * *

கப்பல் உடைந்து சரக்கு கரை ஒதுங்கினால் அது யாருக்கு? அந்தக் காலத்தில் பல கரைகளில் பதில் ஒன்றேதான்: கரைக்கு உரியவனுக்கு. கடல் கொண்டுவந்து கொடுத்தது, ராஜா எடுத்துக்கொள்வான். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்ற துறையில், காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் வெட்டுவித்த கல்வெட்டு வெளிப்படையாகவே சொல்கிறது. முன்னிருந்த மன்னர்கள், புயலில் சிக்கி ஒதுங்கிய கப்பல்களின் பொன்னையும் யானையையும் குதிரையையும் மணியையும் பலவந்தமாகப் பறித்துவந்தார்கள் என்கிறது. தான் இனி அப்படிச் செய்யப்போவதில்லை, குறிப்பிட்ட சுங்கம் மட்டுமே, முப்பதில் ஒரு பங்கு, என்று அவன் அபயம் கொடுக்கிறான்.

அதற்கு நூறு வருடம் கழித்து மலபாருக்கு வந்த பயணி இபின் பதூதாவும் இதையே எழுதுகிறார். அந்தக் கரை முழுவதும் உடைந்த கப்பலின் சரக்கு அரசாங்கத்துக்குப் போகும். கோழிக்கோட்டில் மட்டும் உடையவனிடமே விட்டுவிடுவார்கள். கோழிக்கோடு அவ்வளவு செழித்ததற்கு அவர் சொல்லும் காரணமும் அதுதான். கோழிக்கோட்டின் செல்வத்துக்கு மிளகைக் காரணம் சொல்வது நம் வழக்கம். மிளகு மலபார் முழுக்க விளைந்தது.

ஊராத்துறைக் கல்லை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கணக்குக்காக ஒரு வியாபாரியை வைத்துக்கொள்வோம். ஆயிரம் காசுச் சரக்கோடு வருகிறான். மரக்கலம் பாறையில் மோதி உடைகிறது. அறுநூறு காசுச் சரக்கை மீட்கிறார்கள். வேறொரு கரை என்றால் அவன் கையில் ஒன்றுமில்லை. ஊராத்துறையில் முந்நூறு நிச்சயம். ஏற்றிவந்தது குதிரை என்றால் நானூற்றைம்பது. புறப்படுவதற்கு முன்னாலேயே, நாகபட்டினத்தில் உட்கார்ந்துகொண்டே, இந்தத் தொகையை அவன் எழுதிவிடலாம். கடன் கொடுக்கிறவனிடம் காட்டலாம். கூட்டாளியோடு பங்கு பேசலாம். பாதி போய்விடுகிறதே என்று நமக்குத் தோன்றும். அவனுக்கோ, எவ்வளவு போகும் என்று தெரிந்திருப்பதே பெரிய சொத்து. தெரிந்த நட்டத்தை வியாபாரி தாங்கிக்கொள்வான். தெரியாத நட்டம்தான் அவன் கடையை மூட வைப்பது.

இதைவிட ஒருபடி மேலே போன ஒப்பந்தமும் நம் கடலில் இருந்தது. பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்த காலத்தை எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் என்று விலையைக் குறிக்கிறார். வழியில் குதிரைக்குக் காயம் பட்டாலும், செத்தே போனாலும், அரச கருவூலம் அதற்குரிய விலையைக் கொடுத்துவிடவேண்டும் என்பது ஏற்பாடு. முழு ஆபத்தையும் வாங்குகிறவன் தலையில் ஏற்றிக்கொண்டான். குதிரை அவனுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

ஊராத்துறைக் கல்லில் என்னை மிகவும் கவர்ந்த இடமும் இதுதான். கணபதிதேவனின் கல்வெட்டு கருணையைப் பேசுகிறது, புகழையும் அறத்தையும் பேசுகிறது. பராக்கிரமபாகு அப்படி எதுவும் சொல்லவில்லை. எனக்கு யானையும் குதிரையும் வேண்டும், அதனால் அவற்றைக் கொண்டுவருகிறவனுக்கு மூன்று பங்கு விடுகிறேன் என்று தன் தேவையைத் துறைமுகத்தில் எழுதிவைக்கிறான். இரண்டில் எதை நம்புவீர்கள் என்று என்னைக் கேட்டால், தேவையைச் சொன்னவனைத்தான் நம்புவேன். கருணை மன்னனோடு போகும். தேவை இருக்கிறவரை சலுகை இருக்கும், தேவை தீர்ந்தால் எச்சரிக்கையாக இருந்துகொள்ளலாம். எப்போது எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதையும் அந்தக் கல்லே சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. ஆணை போட்டவன் பொலன்னறுவைச் சிங்கள மன்னன். ஆணை தமிழில் இருக்கிறது. படிக்கவேண்டியவர்கள் இந்தக் கடலில் வியாபாரம் செய்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்த மொழி தமிழ். இருநூறு சொச்சம் ஆண்டுக்குப் பிறகு சீனக் கடற்தளபதி செங் ஹோ நட்டுவைத்த, காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்லும் சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டிருப்பதற்கு இதே நியாயம்தான். நிபந்தனை எழுதுகிறவனுக்குப் புரிந்தால் போதாது, கட்டுப்படுகிறவனுக்கும் புரியவேண்டும். இந்த வரியை நினைவில் வைத்திருங்கள். இந்த வாரக் கதை முடியும் இடத்தில் தேவைப்படும்.

* * *

எண்ணூறு ஆண்டுக் கதையைப் படித்து இப்போது என்ன ஆகப்போகிறது என்று சில வாசகர்கள் நினைக்கலாம். இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியதே இன்றைய ஊராத்துறைகளுக்காகத்தான்.

இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு இளைஞர் குழு வாடகை வண்டிக்கு ஒரு செயலி எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை அவர்கள் வரைவதில்லை, கூகுளிடமிருந்து எடுக்கிறார்கள். பணம் செலுத்துவதற்கு ஒரு வங்கியின் வாசல், குறுஞ்செய்தி அனுப்ப இன்னொரு நிறுவனத்தின் வாசல். இந்த வாசல்களுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். ஒரு நிறுவனம் தன்னிடமுள்ள தகவலையோ சேவையையோ பிறர் எழுதிய மென்பொருள்கள் நேரே கேட்டு வாங்கிக்கொள்வதற்காகத் திறந்து வைத்திருக்கும் துறை அது. திறவுகோல் மாதிரி ஒரு நீண்ட எழுத்துக்கோவை கொடுப்பார்கள், அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். நிபந்தனைகளும் கட்டணமும் அவர்களுடையவை.

கூகுள் வரைபடத்தின் கதையைப் பாருங்கள். நாளொன்றுக்கு 25,000 முறை வரைபடத்தை இலவசமாக எடுக்கலாம் என்று இருந்தது. 2018 மே மாதம் அறிவித்தார்கள், ஜூலையில் நடைமுறைக்கு வந்தது: இனி மாதத்துக்கு 200 டொலர் வரை இலவசம், அதற்கு மேல் காசு. 200 டொலருக்குச் சாதாரண வரைபடம் அப்போது சுமார் 28,000 முறை கிடைத்தது. முன்பு ஒரு நாளைக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு என்று ஆனது. இலவசத்தை நம்பித் தொழில் அமைத்த சிறிய நிறுவனங்கள் உலகெங்கும் இரண்டு மாதத்துக்குள் கணக்கைத் திருப்பிப் போடவேண்டியிருந்தது. இருந்தாலும் கூகுளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அறிவித்துவிட்டுச் செய்தார்கள், விலைப்பட்டியல் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. செம்பாதி போனாலும் எவ்வளவு என்று தெரிந்தது.

டுவிட்டரில் அதுவும் நடக்கவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி, டுவீட்பொட், டுவிட்டரிஃபிக் போன்ற, பத்து வருடத்துக்கும் மேலாக இயங்கிய செயலிகள் திடீரென்று வேலை செய்யாமல் போயின. கோளாறா, தண்டனையா என்று அவற்றை எழுதியவர்களுக்கே தெரியவில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, டுவிட்டரின் நிபந்தனைப் பத்திரத்தில் புதிதாக ஒரு வரி முளைத்தது: டுவிட்டருக்கு மாற்றான செயலிகளை உருவாக்கக்கூடாது. கப்பலைப் பிடித்து வைத்துவிட்டு, பிறகு கல்லில் சட்டத்தை வெட்டினார்கள். நான் இதை மன்னிக்கமாட்டேன். இராமஞ்ஞ மன்னன் செய்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதே ஆண்டு ரெடிட்டின் முறை. அப்போலோ என்ற செயலியை உருவாக்கிய கிறிஸ்தியன் செலிக், தனக்குச் சொல்லப்பட்ட கட்டணத்தை வெளியிட்டார். ஐந்து கோடி வேண்டுகோளுக்கு 12,000 டொலர். அவருடைய செயலியின் பாவனைக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி டொலர் வரும். கட்டணம் தெரியவந்ததற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையில் ஒரு மாதம்தான். ஜூன் 30 அன்று அப்போலோ மூடப்பட்டது.

இரண்டிலும் எனக்குத் தெரியும் பொதுக் காரணம் ஒன்று. அந்தச் செயலிகள் வழியாக வந்த வாசகர்களுக்கு அந்த நிறுவனங்களின் விளம்பரம் தெரியவில்லை, அதனால் துறைக்காரனுக்கு வருமானம் இல்லை. வருமானம் இல்லாத கப்பலுக்கு எத்தனை நாள் இடம் கொடுப்பான்? ஆனால் இதை அவர்கள் ஆரம்பத்திலேயே எழுதிவைத்திருக்கவேண்டும். யானையிலும் குதிரையிலும் எனக்கு விருப்பம் என்று மன்னன் எழுதினானே, அதைப்போல. விளம்பரம் காட்டுகிறவனுக்கு மூன்று பங்கு, காட்டாதவனுக்குப் பாதி என்று முதல் நாளே சொல்லியிருந்தால் யாரும் ஏமாந்திருக்கமாட்டார்கள். திறந்திருக்கிறோம், எல்லோரும் வாருங்கள் என்று மட்டும் சொல்லி, அந்தத் திறப்பில் தங்களுக்கு என்ன இலாபம் என்பதை மறைத்துவைப்பது நேர்மையான வியாபாரமல்ல. புதிதாகச் செயலி எழுதப் புறப்படும் நம் பிள்ளைகள் ஏபிஐயின் வேகத்தையும் வசதியையும் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும்: என்னை உள்ளே விடுவதால் இவனுக்கு என்ன கிடைக்கிறது? பதில் கிடைக்கவில்லையென்றால் மாற்றுத்துறை ஒன்றை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும். போர்ஸ்குவேர் நிறுவனம் 2012இலேயே கூகுள் வரைபடத்தை விட்டு, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்புக்கு மாறிக்கொண்டது. 2018இல் அந்தப் புயல் வந்தபோது அதன் வரைபடம் வேறு துறையில் கட்டிக் கிடந்தது.

துறையை மூடுவதிலும் முறை இருக்கிறது. பேஸ்புக் வாங்கியிருந்த பார்ஸ் என்ற சேவையை 2016 ஜனவரியில் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள். அதன் வழங்கி மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். விரும்பியவர்கள் அதைத் தங்கள் சொந்தக் கணினியில் ஓட்டிக்கொண்டார்கள். மரக்கலம் கெட்டது, உடையவனுக்கு உரிய பங்கு திரும்பி வந்தது.

* * *

இனி ஊராத்துறைக்குத் திரும்புவோம். எழுதிய சட்டம் இருக்கிறது, மொழி புரிகிறது, பங்கு தெரிகிறது. வியாபாரிக்கு இனி என்ன பயம்?

மதுரையில் பாண்டியர் இருவர் அரசுரிமைக்கு அடித்துக்கொண்டார்கள். முற்றுகையில் சிக்கிய பராக்கிரம பாண்டியன் இலங்கையின் உதவியைக் கேட்டான். உதவி வந்து சேர்வதற்குள் அவன் கொல்லப்பட்டான். ஆனாலும் தளபதி இலங்காபுரன் இராமேஸ்வரக் கரையில் இறங்கினான், 1160களின் இறுதியில். எதிரணியில் இருந்த குலசேகர பாண்டியனுக்குச் சோழர் துணை வந்தார்கள். பாக்கு நீரிணையின் இருபுறமும் பற்றிக்கொண்டது.

சோழன் இரண்டாம் இராசாதிராசனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று திருவாலங்காட்டில் இருக்கிறது. அதில் ஒரு செய்தி வருகிறது. ஈழத்தரசன் மறுபடியும் படை திரட்டுகிறான், படவுகள் கட்டுகிறான் என்று சோழர் பக்கத்துக்குத் தகவல் வந்தது. எந்தெந்த ஊர்களில் என்று ஒரு பட்டியல். புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ்.

பட்டியலின் தலையில் நிற்கும் பெயர் ஊராத்துறை.

பரதேசிகள் வந்து தங்கட்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று எந்தத் துறைக்கு அவன் கல் வெட்டுவித்தானோ, அதே துறையைப் போர்க்கப்பல் கட்டும் இடமாகவும் ஆக்கிவிட்டான். இரண்டும் ஒரே மன்னனின் காரியம். சோழ அதிகாரி அண்ணன் பல்லவராயன் சும்மா இருக்கவில்லை. இலங்கை மன்னனின் மருமகனும் அரியணைக்கு உரிமை கோரியவனுமான சீவல்லவனைப் படையோடு கடலைத் தாண்ட விட்டான். புலைச்சேரியும் மாதோட்டமும் உள்ளிட்ட ஊர்கள் அழிக்கப்பட்டன, யானைகள் பிடிக்கப்பட்டன என்று திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது.

இந்தக் கரையில் அப்போது சரக்கோடு இருந்த வியாபாரியின் நிலையை யோசித்துப் பாருங்கள். கல்லில் ஒரு எழுத்தும் மாறவில்லை. செம்பாதிச் சட்டம் அப்படியே இருக்கிறது. கடல் கெடுக்கும் மரக்கலத்துக்கு அதில் பதில் உண்டு. துறைக்காரனின் பகைவன் வந்து கொளுத்தும் பண்டகசாலைக்கு அதில் வரி இல்லை. நிபந்தனைப் பத்திரத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தவனும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வான். துறைக்காரனுக்கு வியாபாரத்தைத் தவிர வேறு என்னென்ன ஆசைகள் இருக்கின்றன என்பதைப் பத்திரம் சொல்லாது. டுவிட்டர் 2022 அக்டோபரில் கைமாறியபோது அதன் ஏபிஐ நிபந்தனைகளில் அன்று ஒரு வரியும் மாறவில்லை. ஆள் மாறினான். மூன்று மாதம் பொறுத்து வரி மாறியது.

ஆகவே கல்லைப் படிப்பதோடு நிறுத்தக்கூடாது, கல் வெட்டியவனையும் விடாமல் படித்துக்கொண்டிருக்கவேண்டும். பழைய வணிகக் குழுக்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தன. திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் போன்ற குழுக்கள் எந்த ஒரு மன்னனின் துறையிலும் தங்கள் முழு முதலையும் இறக்கி வைத்தவர்களல்லர். கர்நாடகம், தமிழகம், ஈழம், சுமாத்திரா என்று அவர்களின் கல்வெட்டுகள் பரந்து கிடக்கின்றன. ஒரு துறை எரிந்தால் மறு துறை இருந்தது.

ஊர்காவற்றுறைக்கும் அதோடு கதை முடிந்துவிடவில்லை. அடுத்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆரியச் சக்கரவர்த்திகள் எழுந்தார்கள். 1344இல் இபின் பதூதா அவர்களில் ஒருவரைப் புத்தளம் பக்கத்தில் சந்தித்தார். அந்த மன்னனின் மரக்கலங்கள், சிறிதும் பெரிதுமாக நூறு, மாபார்க் கரையில், அதாவது தமிழகத்தின் கிழக்குக் கரையில், நின்றதைத் தான் பார்த்ததாக எழுதுகிறார். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஊர்காவற்றுறைக்கு வந்து கப்பல் ஏறின. பிறகு வந்த போர்த்துக்கேயர் அதை யானைத்துறை என்றே தங்கள் மொழியில் அழைத்தார்கள். கயிட்ஸ் என்ற பெயர் அந்தத் துறையிலிருந்துதான் வந்தது.

போர்த்துக்கேயர் கல் வெட்டவில்லை. அவர்கள் கொண்டுவந்தது ஒரு காகிதம். கர்த்தாஸ் என்று பெயர். கப்பலின் பெயர், தலைவனின் பெயர், சரக்கு, ஆயுதம், எங்கிருந்து எங்கே போகிறது, எல்லாம் அதில் எழுதியிருக்கும். காசு கொடுத்து வாங்கவேண்டும். கையில் அது இருந்தால் கடலில் போகலாம். இல்லாவிட்டால் கப்பலும் சரக்கும் பறிபோகும். அதுவரை கடலில் போவதற்கு யாரிடமும் அனுமதி கேட்டறியாதவர்கள் இந்துமாகடல் எங்கும் அந்தக் காகிதத்துக்காகக் காத்து நின்றார்கள்.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் மலபார்க் கரையில் நடந்ததாகப் போர்த்துக்கேயர் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்கள். ஒரு முஸ்லிம் வணிகனுக்கு அனுமதிக் காகிதம் கிடைக்கிறது. போர்த்துக்கேய மொழி அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, போதும் என்று பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு கடலில் இறங்குகிறான். நடுக்கடலில் ஒரு போர்த்துக்கேயக் கப்பல் குறுக்கே வந்து மறிக்கிறது. வணிகன் பதறவில்லை. காகிதத்தை எடுத்து நீட்டுகிறான். கப்பல் தலைவன் வாங்கிப் படிக்கிறான். ஒருமுறை வணிகனைப் பார்க்கிறான். மறுபடியும் காகிதத்தைப் பார்க்கிறான். தன் ஆட்களைக் கூப்பிடுகிறான்.

அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது என்ன?

(தொடரும்)